செம்மண் ஓடைகளைத் தாண்டி ஓடலாம்: கடலூர், புதுச்சேரி பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரில் காலையில் ஓடுகிறவர்களைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் ஸ்டேடியத்திலும் பார்க்கலாம். புதுச்சேரியில் கடற்கரைச் சாலை. தரை சமமாக இருக்கும், பயமில்லை, நாலு தெரிந்த முகமும் தென்படும். ஆனால் இரண்டு ஊரிலிருந்தும் கொஞ்ச நேரம் வண்டியில் போனாலே வேறு ஒரு தரை கிடைக்கிறது. கடலூருக்குத் தென்மேற்கே கேப்பர் மலை, புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லைச் சுற்றிய செம்மண் மேடு. முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போகும், அதை ஒரு பள்ளம் குறுக்கே வெட்டும், பள்ளத்தில் மழைக்காலத்தில் ஓடை ஓடும். மூன்று முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் இதெல்லாம் அடங்கிவிடும். அப்படி ஒரு சின்னப் பாதையைத் தேர்ந்தெடுத்து, பழகி, பத்திரமாக ஓடுவது எப்படி என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். காய்ந்து கிடக்கும்போது இறங்கிப் பார்க்காத ஓடையை, தண்ணீர் ஓடும்போது தாண்டக் கூடாது. காலணி, வேகம், மூச்சுப் பயிற்சி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேப்பர் மலை பெயரில்தான் மலை. உண்மையில் அது ஒரு செம்மண் மேடு. இதன் அடியில் இருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். நெய்வேலி, பண்ருட்டி பக்கமும், புதுச்சேரிக்கு வடக்கேயும் இதே பாறை வரிசைதான் போகிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் இதில்தான். இரும்புச் சத்து கலந்திருப்பதால் சிவப்பு. கெட்டிப்படாத மணற்கல் என்பதால் தண்ணீர் சுலபமாக அறுத்துவிடுகிறது. அதனால்தான் மேட்டின் ஓரங்களில் ஆள் உயரத்துக்கும், சில இடங்களில் அதைவிட அதிகமாகவும் பள்ளங்கள் பிளந்து கிடக்கின்றன.

இந்தப் பள்ளங்கள் வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்தே இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழைக்குக் கொஞ்சம் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் உயிர் பெறும். ஓடைகள் சின்னவை, மேடும் சின்னது. அதனால் மழை பிடித்து அரை மணிக்குள்ளேகூடத் தண்ணீர் திரண்டு வந்துவிடும், மழை விட்டால் அதே வேகத்தில் வடியும். பெரிய ஆற்றைப் போல முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. 2015 நவம்பரில் பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் வந்த வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போய்ப் பலர் இறந்துபோனார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அந்த ஊரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நம் ஊர்ப் பள்ளங்களைச் சாதாரணமாக எண்ணக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

கோடைக்காலத்தில் தொடங்குங்கள். மார்ச் முதல் ஜூன் வரை நல்ல நேரம். செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் முந்திரி பச்சையாகவும், பாதைகள் சிவப்புக் கோடாகவும், பள்ளங்கள் கிளை பிரிந்த நிழலாகவும் தெரியும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற வட்டமாக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாதைக்கு மூன்று கிலோமீட்டர் போதும். ஓடைக் கடவு, அதாவது ஓடையைத் தாண்டும் இடம், இரண்டு இருந்தால் தாராளம்.

இன்னொன்றையும் படத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கடவுக்கும் முன்னால், தண்ணீரைத் தொடாமலேயே சாலைக்கு வெளியேறும் வழி இருக்க வேண்டும். இரண்டு ஓடைகளுக்கு நடுவே தீவு மாதிரி மாட்டிக்கொள்ளும் பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் மழைக்காலத்துக்கு ஆகாது. முதல் ஓடையை நீங்கள் தாண்டிய பிறகு மழை பிடித்தால், முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர்.

அப்புறம் அனுமதி. கொல்லைகள் தனியாருடையவை. வேலி இல்லை என்பதால் பொதுவழி ஆகிவிடாது. ஊர்க்காரர்கள் நடக்கும் வண்டிப்பாட்டையிலும் மாட்டுப் பாதையிலும் போவது பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனாலும் கொல்லைக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்காமல் நுழையக் கூடாது. ஆரோவில் காடுகளில் ஒவ்வொரு பகுதிக்கும் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சில பாதைகள் எல்லோருக்கும் திறந்திருக்கும், சில அடைத்திருக்கும். பலகை என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள்.

முந்திரிக்கென்று ஒரு கணக்கு உண்டு. பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். அடித்த அன்றும் மறுநாளும் அந்தக் கொல்லை வழியாக மூச்சு வாங்க ஓடுவது உடம்புக்குக் கேடு. அறுவடை நேரத்தில் கீழே விழுந்த பழத்தைக்கூடத் தொடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வருட வருமானம். 2011 டிசம்பரில் தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் அடியோடு சாய்த்தது. மறுபடி வளர்த்தெடுக்க அவர்கள் எவ்வளவு வருடம் காத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் கை தானாகவே பின்வாங்கும்.

வரைபடத்தைவிட நல்ல வழிகாட்டி அங்கே ஆடு மாடு மேய்க்கிறவர்தான். நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மரியாதையாகக் கேளுங்கள்: “அண்ணே, இந்தப் பள்ளத்துல மழைக்கு எவ்வளவு தண்ணி வரும்?”

“இடுப்பு வரைக்கும் வரும் தம்பி. பொழுது சாயறதுக்குள்ள வடிஞ்சிடும். அந்தப் பக்கம் மட்டும் எறங்காதீங்க, அங்க குழி இருக்குது.”

இந்த மாதிரிப் பதில் எந்தச் செயலியிலும் கிடைக்காது. எந்த மாதம் தண்ணீர் வரும், எந்தக் கரை இடியும், எந்தப் புதரில் பாம்பு அதிகம் என்று எல்லாமே அவருக்குத் தெரியும்.

காய்ந்த ஓடையில் இறங்கிப் பாருங்கள்

இதற்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். அன்றைக்கு ஓட வேண்டாம். நடந்து போய், ஒவ்வொரு கடவிலும் பள்ளத்துக்குள் இறங்கி, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஐம்பது அடியாவது நடந்து பாருங்கள்.

வளைவை முதலில் கவனியுங்கள். ஓடை வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அறுத்துக்கொண்டே இருக்கும். அங்கே ஆழம் அதிகம், கரையின் அடி உள்ளே குடைந்திருக்கும். மேலே நின்றால் மண் உங்களோடு சேர்ந்து சரியும். உள்பக்கத்தில் மணல் திட்டு இருக்கும், மழைக்குப் பிறகு அதுவும் கால் புதையும் சேறாகிவிடலாம். தாண்டுவதற்கு ஏற்ற இடம் இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேராகவும் அகலமாகவும் தண்ணீர் பரந்து ஓடும் இடம்தான். குறுகலான இடம் ஒரே தாவலில் தாண்டிவிடலாம் போல ஆசை காட்டும். அதே தண்ணீர் அங்கே நெருக்கிக்கொண்டு வேகமாகவும் ஆழமாகவும் போகும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது? கால் தவறினால் தண்ணீர் உங்களை அங்கேதான் கொண்டுபோகும். விழுந்த மரம், முள்வேலி, பாலத்தின் அடியில் போட்ட குழாய், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தக் கடவை விட்டுவிடுங்கள். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். குழாய் இன்னும் மோசம்.

தடுப்பணைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அதன் சுவர் மேல் நடந்து தாண்டலாம் என்று தோன்றும். ஈரத்தில் அதில் படியும் பாசி வழுக்கிவிடும். சுவருக்குக் கீழே விழும் தண்ணீர் தோண்டிய குழி இருக்கும், கோடையில் பார்த்தாலே அதன் ஆழம் தெரியும். அணையிலிருந்து நன்றாகத் தள்ளியே உங்கள் கடவை வையுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. கடவின் நடுவில், படுகையிலேயே ஆழமான இடத்தில் நில்லுங்கள். உங்கள் முழங்கால் உயரத்துக்கு நேராக எதிர்க்கரையில் அசையாத ஓர் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு பாறை விளிம்பு, கனமான வேர், பழைய கருங்கல் தூண், எதுவாகவும் இருக்கலாம். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரையில் வந்து நிற்கும்போது கலங்கல் தண்ணீரில் அடி தெரியாது. ஆனால் அந்த அடையாளம் தண்ணீருக்கு மேலே தெரிகிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அடையாளத்தைத் தண்ணீர் தொட்டாலே கடவு மூடியாகிவிட்டது, திரும்பிவிட வேண்டும். மரத்தில் பெயின்ட் அடிக்கவோ பட்டையைச் செதுக்கவோ வேண்டாம். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி இறங்கிச் சரிபாருங்கள். இந்த மண்ணில் படுகையின் மட்டம் ஒரே மழையில் மாறிவிடும்.

காலணியும் பையும்

காலணிக்குத் தண்ணீர் புகாத ரகம் வேண்டவே வேண்டாம். ஓடையில் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது, காலில் இரண்டு வாளி கட்டின மாதிரி இழுக்கும். வலை போன்ற மேல்துணியும், அடியில் பற்கள் எடுப்பாகவும் உள்ள ஷூ நல்லது. உள்ளே வந்த தண்ணீர் நாலு அடி வைப்பதற்குள் வடிந்துவிட வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை உரிக்கும், செயற்கை இழையில் வாங்குங்கள். விரலிடுக்கிலும் குதிகாலிலும் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுங்கள்.

வெறுங்காலோடு ஓடுவது நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. மணலில் சரி. சீமைக்கருவேல முள் ஷூவின் அடியையே துளைக்கும், இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சின்னப் பையில் அரை லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முள்வாங்கி, கிரேப் பேண்டேஜ், விசில், பிளாஸ்டிக் உறையில் போட்ட செல்போன் இருந்தால் போதும்.

ஓடும் விதம்

சாலையில் ஐந்து கிலோமீட்டரை அரை மணியில் முடிப்பவருக்கு இங்கே நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஆவது இயல்பு. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் வேகம் சரி. புதியவர் என்றால் முதல் இரண்டு வாரம் அதே பாதையை நடந்தே முடியுங்கள். பிறகு சமதளத்தில் மட்டும் ஓடி, மேட்டிலும் இறக்கத்திலும் நடங்கள். கால் பழகியதும் இறக்கத்தையும் சேர்க்கலாம்.

செம்மண் காய்ந்தால் சிமென்ட் போல இறுகிவிடும். அதன் மேல் உருளும் சின்னச் சரளைதான் ஆளைச் சாய்ப்பது. தரையில் சிந்திய கேழ்வரகின் மேல் நடப்பது போலத்தான். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போட்டால் வழுக்கும். உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, அடியைக் குறுக்கி, பாதம் முழுதும் படும்படி வேகமாகச் சின்னச் சின்ன அடி வையுங்கள். கைகளை விரித்துக்கொள்ளலாம். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, நாலைந்து அடி முன்னால் இருக்கட்டும். பள்ளத்திலிருந்து ஏறும்போது நடந்தே ஏறுங்கள்.

முந்திரிக் கிளைகள் தாழப் படர்பவை. முன்விளிம்பு நீண்ட தொப்பி போட்டால் தலைக்கு நேரே வரும் கிளை தெரியாது.

கரையில் புதுத் தடம் போடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வளைந்து இறங்கும் பாதையைக் குறுக்கே வெட்டி ஒருவர் இறங்கினால், அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தையே பிடித்துக்கொள்ளும், இரண்டு பருவத்தில் அது ஒரு புதுப் பள்ளம். ஆரோவில் மேட்டில் 1968க்குப் பிறகு வந்தவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்களும் வரப்பு போட்டு, தடுப்பணை கட்டி, கன்று நட்டுத்தான் பொட்டலாகக் கிடந்த தரையில் காட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த வரப்புகளின் மேல், முக்கியமாக மழை ஈரத்தில், ஓடவே கூடாது. ஒரு வரப்பு உடைந்தால் அதற்குக் கீழே இருக்கும் எல்லா வரப்புக்கும் அடி விழும்.

தண்ணீர் ஓடும் நாளில்

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு ஓடைப் பாதை கிடையாது, சாலையிலேயே ஓடிவிடுங்கள். இரவெல்லாம் பெய்து காலையில் விட்டிருந்தாலும் பொறுத்திருந்து போவதே நல்லது.

கரைக்கு வந்ததும் நில்லுங்கள். ஓடி வந்த வேகத்தில் இறங்கவே கூடாது. முதலில் முழங்கால் அடையாளத்தைப் பாருங்கள். அது தெரிந்தால், ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதனோடு கரையில் நடங்கள். சாதாரண நடையில் அதைப் பிடிக்க முடியவில்லை என்றால் கணுக்கால் ஆழமே இருந்தாலும் இறங்க வேண்டாம். தண்ணீர் இரு மடங்கு வேகமானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். கணுக்காலுக்குச் சற்று மேலே வரும் வேகத் தண்ணீரே பெரியவரைத் தள்ளிவிடும்.

மூன்றாவதாக, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா? விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். அதைத் தண்ணீர் மூழ்கடிக்கத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள். நிறம் திடீரென்று அடர்சிவப்பானாலோ, நுரையும் முந்திரிச் சருகும் கூட்டமாக வரத் தொடங்கினாலோ மேலே எங்கோ மழை பிடித்திருக்கிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், அதை நம்பாதீர்கள்.

எல்லாம் சரி என்றால் நடந்து தாண்டுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் உதறிவிட வசதியாக இருக்கும். கையில் ஒரு உறுதியான கம்பு வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் அடி எடுத்து வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான் நகர வேண்டும், கம்போ, ஒரு காலோ. கால்களைப் பின்னிக்கொள்ளாமல், பாதத்தைத் தரையோடு தேய்த்தே நகர்த்துங்கள். உருளைக்கல் மேல் ஏறி நிற்காமல் அதன் பக்கத்தில் கால் வையுங்கள். இருவர் மூவர் இருந்தால் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே போகலாம், பலசாலி மேல்பக்கம் நிற்கட்டும்.

தவறி விழுந்துவிட்டால், மல்லாந்து, கால்கள் தண்ணீர் போகும் பக்கம் நீட்டி இருக்கும்படி திரும்பி, கைகளால் கரைப்பக்கம் துழாவுங்கள். வேகத் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல்லிடுக்கில் சிக்கும்.

அக்கரையில் ஈரச் செம்மண் வழுக்கும், அதனால் கையூன்றி ஏறுங்கள். ஏறியதும் ஷூவைக் கழற்றி மணலைத் தட்டிவிடுங்கள். ஒரு நிமிட வேலை இது. விட்டுவிட்டால் விரலிடுக்கில் மணல் அரைத்து அடுத்த கிலோமீட்டரிலேயே கொப்புளம்.

முள், பாம்பு, இடி

விடிந்த பிறகே பாதையில் கால் வையுங்கள். சரளை மேட்டில் சுருட்டை விரியன், வயல் வரப்பில் கண்ணாடி விரியன், நல்லபாம்பு, கட்டுவிரியன் என்று நான்குமே இங்கே உண்டு. சருகு மூடிய இடத்தில் பாதம் தெரியாமல் ஓடாதீர்கள், கரை ஏறும்போது பொந்தில் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். எலும்பு முறிந்தவரைப் போல அந்த உறுப்பை அசையாமல் வைத்து, 108க்கு அழைத்து, நேராக மருத்துவமனை. கடலூர் என்றால் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரிப் பக்கம் ஜிப்மர்.

இடிச் சத்தம் காதில் விழுந்தால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது. திறந்த மேட்டில் தனியாக நிற்கும் பனையடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி பொறுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்தாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

நாலு பேரைக் கூட்டிப் போகும்போது

கிளம்பும்போதும் ஒவ்வொரு கடவைத் தாண்டிய பிறகும் தலையை எண்ணுங்கள். பாதை தெரிந்த ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். ஓடையில் இறங்கலாமா என்பதை ஓட்டெடுத்து முடிவு செய்யாதீர்கள். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலே எல்லோரும் திரும்ப வேண்டும். இதை வீட்டிலேயே பேசி ஒப்புக்கொண்டு வந்தால் கரையில் நின்று யாரும் வெட்கப்பட வேண்டியிருக்காது. குழந்தைகளைத் தண்ணீர் இல்லாத மாதங்களில் அழைத்துப் போங்கள். மணற்கல் அடுக்குகளையும் கரையில் தொங்கும் வேர்களையும் கிட்டே போய்ப் பார்க்க அதுதான் நல்ல சமயம்.

வீட்டுக்கு வந்த பிறகு

கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். முள் ஏறியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் பாருங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள்.

காலில் ஆறாத புண் இருந்தால் மழைக்கால ஓடைத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாகப் போனால் எலிக்காய்ச்சல் வரும். ஓடி வந்த மறுநாளே காட்டிக்கொள்ளாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அந்தச் சமயத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். மருத்துவரிடம் போய், இன்ன தேதியில் ஓடைத் தண்ணீரில் இறங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.